மூன்று முறை தேய்ந்த பல்: சுங்கை சிப்புட்டில் ஒரு நைட்ரோ ட்ரக்கின் கியர் வேலை

## பின்னணி

பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் சிறிய மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்கள்தான். செயின், ஸ்ப்ராக்கெட், கிளட்ச், கார்புரேட்டர் என்று வேலை போகும். சில ஆண்டுகளாகப் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் நைட்ரோ என்ற எரிபொருளில் ஓடும் ரிமோட் வண்டிகளையும் கொண்டு வருகிறார்கள். இன்ஜின் சின்னது, ஆனால் அதற்குள் நடப்பது பெரிய இன்ஜினில் நடப்பதேதான். அதனால் நானும் பார்த்துக் கொடுக்கிறேன்.

இங்கே எழுதுவது அப்படி வந்த ஒரு ட்ரக்கைப் பற்றி. தீபாவளி முடிந்ததும் தொடங்கிய பிரச்சினை, தைப்பூசம் கழிந்துதான் தீர்ந்தது. இடையில் மூன்று ஸ்பர் கியர்கள் போயின. நாலாவதாக ஒரு கிளட்ச் பெல்லும் பின் டிஃபரென்ஷியலும் சேர்ந்து போயின. இந்த உறுப்புகள் என்னவென்று கீழே சொல்கிறேன். அந்த மூன்றில் ஒரு கியர் நானே மாட்டியது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் எதையும் சொல்லவில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரன் நான்காம் படிவம் படிக்கும் பையன். அவனுடைய தாய்மாமன் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர். தீபாவளிக்கு மருமகனுக்கு வாங்கிக் கொடுத்தார். புதியது வாங்க வசதி போதாது என்பதால் ஈப்போவில் ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினார். எட்டில் ஒரு பங்கு அளவு மான்ஸ்டர் ட்ரக், 0.28 கன அங்குல இன்ஜின், அதாவது ஏறக்குறைய 4.6 சிசி. நாலு சக்கரமும் இழுக்கும். பையன் அதை ஓட்டுவது பழைய தோட்டத்துத் திடலில். ஒரு பக்கம் கணுக்கால் உயரப் புல், இன்னொரு பக்கம் சிறு கல் கலந்த செம்மண் பாதை. மாலை மழை பெய்தால் இரண்டுமே சேறு.

இந்த வகை வண்டியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இன்ஜினின் கிராங்க் தண்டில் ஃபிளைவீல் இருக்கும். அதன் மேல் கிளட்ச் கட்டைகள் இருக்கும். சுழற்சி கூடும்போது கட்டைகள் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு வெளியே விரிந்து, மேலே மூடியிருக்கும் மணி போன்ற கிண்ணத்தைப் பிடிக்கும். அந்தக் கிண்ணம்தான் கிளட்ச் பெல். அதன் முனையில் சின்னப் பற்கள் இருக்கும். அவை ஸ்பர் கியர் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். அங்கிருந்து சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல், பிறகு முன்னும் பின்னும் உள்ள டிஃபரென்ஷியல்கள், கடைசியில் சக்கரம். கிளட்ச் பெல்லுக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவே மூடி எதுவும் கிடையாது. திறந்த வெளியில், தூசியில், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றில் அந்தப் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுகின்றன.

## முதல் இரண்டு கியர்கள்

வாங்கிய இரண்டாவது வாரமே ஸ்பர் கியரின் பற்கள் வழுக்க ஆரம்பித்தன. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பையன் தானே ஈப்போவில் புதிய பிளாஸ்டிக் ஸ்பர் கியர் வாங்கி மாட்டினான். இடைவெளியைக் கண்ணால் பார்த்து வைத்தான். ஒரு டாங்க் எண்ணெய்தான் ஓடியது. இரண்டாவது டாங்கில் அதே கதை. நவம்பர் பாதியில் மாமாவும் மருமகனுமாகப் பட்டறைக்கு வந்தார்கள்.

வண்டியைத் தொடுவதற்கு முன் வேறொன்று கண்ணில் பட்டது. பையன் நைட்ரோ எண்ணெயை ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டு வந்திருந்தான். வேலையை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் பேசினேன். நைட்ரோ எண்ணெயில் பெரும்பங்கு மெத்தனால். அதோடு நைட்ரோமீத்தேனும் மசகு எண்ணெயும் கலந்திருக்கும். மெத்தனாலைத் தெரியாமல் குடித்துவிட்டால் கண் பார்வை போகும், உயிரும் போகும். தீப்பிடித்தால் வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. வீட்டில் ஐந்து வயதுத் தங்கை இருக்கிறாள் என்று மாமா சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே கடையில் வந்த அசல் டின்னுக்கு மாற்ற வைத்தேன். மெத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் மூடி இறுக்கமாக இருந்தால் இன்ஜினுக்கும் நல்லது.

பிறகு கியரைப் பார்த்தேன். இரண்டு பழைய கியர்களையும் பையன் பத்திரமாக எடுத்து வந்திருந்தது பெரிய உதவி. தேய்ந்த கியர் என்ன நடந்தது என்று சொல்லும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பல் மட்டும் உடைந்திருந்தால் கல் சிக்கியிருக்கும். சுற்றிலும் பல் நுனி மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு கியரும் தள்ளி நின்று நுனியால் மட்டும் தொட்டிருக்கின்றன. பல் உருகி வழிந்தது போல இருந்தால் நெருக்கி வைத்ததால் சூடேறியிருக்கும். பல்லின் ஒரு விளிம்பு மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை.

இந்த இரண்டிலும் சுற்றிலும் நுனி தேய்ந்திருந்தது. கூடவே பற்களுக்கு நடுவே செம்மண்ணும் கறுப்புக் கிரீஸும் குழைந்து பசை மாதிரி ஒட்டியிருந்தது.

"கிரீஸ் யாரு போட்டது?" என்று கேட்டேன்.

"மாமாதான் அண்ணே போடச் சொன்னாரு."

"கியர்னா கிரீஸ் வேணும்ல தம்பி," என்றார் மாமா. லாரி ஓட்டுகிறவர் சொன்னதில் தவறில்லை. லாரி கியர் பெட்டிக்குள் மூடியிருக்கிறது, அதற்கு எண்ணெய் வேண்டும். இது திறந்து கிடப்பது. இதில் கிரீஸ் போட்டால் தூசி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்த மாதிரி பல்லை அரிக்கும். ஸ்பர் கியரும் கிளட்ச் பெல்லும் காய்ந்தபடியேதான் ஓட வேண்டும்.

இன்ஜினைச் சேஸியோடு, அதாவது வண்டியின் அடித்தட்டோடு, பிடிக்கும் நாலு ஸ்க்ரூவும் கீழிருந்து வரும். அதில் இரண்டு, எல் கீயைத் தொட்டதும் சுழன்றன. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்: ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, இன்ஜின் பின்னால் நகர்ந்திருக்கிறது, பல் தள்ளிப் போயிருக்கிறது.

## நான் செய்த முதல் வேலை

கிரீஸைத் துடைத்தேன். கிளட்ச் பெல்லை விரலால் சுண்டினேன், நன்றாகச் சுழன்றது, அப்படியே விட்டேன். புதிய பிளாஸ்டிக் ஸ்பரை மாட்டி, நடுவே காகிதத் துண்டை நுழைத்து, இன்ஜினை அழுத்திப் பிடித்து, ஸ்க்ரூக்களை ஓரளவு முடுக்கினேன். காகிதத்தை உருவிவிட்டு, பிறகு ஸ்க்ரூக்களைக் கடைசி முடுக்கு முடுக்கினேன். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டும் போட்டேன்.

இதில் மூன்று தவறுகள் இருக்கின்றன. அன்றைக்கு ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் ஆள் காத்திருந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது காரணம் இல்லை. ஸ்க்ரூ தளர்ந்ததைக் கண்டதும் அதோடு தேடுவதை நிறுத்திவிட்டேன்.

## மூன்றாவது கியரும், இரும்பு என்ற முடிவும்

மூன்று வாரம் ஓடியது. டிசம்பரில் திரும்ப வந்தார்கள். இந்த முறை பற்களின் வெளி விளிம்பு மட்டும் சரிவாகத் தேய்ந்து, அடுத்தடுத்து நாலு பல் அடியோடு போயிருந்தன. நேராக நிற்காத அச்சைக் காட்டும் தேய்மானம். அதை நான் பார்த்தேன், பையனிடமும் காட்டினேன். ஆனால் எது சாய்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

மாமா கேட்டார்: "பிளாஸ்டிக்குக்கு எத்தன தடவ தம்பி காசு போடறது? இரும்புல போட்டா ஒரேயடியா நிக்கும்ல?"

அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்தது. கியரின் விலையைவிட அதற்காக ஈப்போவுக்குப் போய்வரும் செலவும் நேரமும் அவருக்குப் பெரிது. எனக்கு உள்ளுக்குள் தயக்கம் இருந்தது. இந்த வண்டியில் மலிவாகவும் சுலபமாகவும் மாற்றக்கூடிய உறுப்பு அந்த ஸ்பர் கியர்தான். ஏதாவது உடைய வேண்டுமென்றால் அது உடைவதே நல்லது. அதை இரும்பாக்கினால் அதிர்ச்சி அடுத்த உறுப்புக்குப் போகும். இதைச் சொன்னேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. என் வேலையே மூன்று வாரத்தில் கெட்டுப் போயிருந்ததால் அவர் பேச்சை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. 46 பல், மாட்யூல் 1 இரும்பு ஸ்பர் கியரை வாங்கி வரச் சொன்னேன். மாட்யூல் என்பது பல்லின் அளவைக் குறிக்கும் எண். முன்பு போலவே மாட்டினேன்.

ஐந்து டாங்க் ஓடியது. ஐந்தாவதில் வண்டியின் சத்தம் மாறிவிட்டது என்று பையன் சொன்னான். விசில் மாதிரி கூவியதாம், பிறகு வேகமாக எடுக்கும்போது பின்னாலிருந்து டக் டக் என்று வெட்டியதாம். அதோடு ஓட்டுவதை நிறுத்தினான். இன்னும் ஒரு டாங்க் ஓட்டியிருந்தால் இன்ஜினும் போயிருக்கும். பல் பிடிக்காமல் வழுக்கும்போது இன்ஜின் சுமையே இல்லாமல் கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு அப்படித்தான் உடைகிறது. பதினாறு வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறுத்தத் தெரிந்த பையனைப் பாராட்ட வேண்டும்.

## முழுதாகப் பிரித்தபோது கண்டது

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையை மூடிவிட்டு, மேசையில் செய்தித்தாள் விரித்து, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முழு வண்டியையும் பிரித்தோம். ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தோம்.

கிளட்ச் பெல்லின் பற்கள் சுறா மீனின் துடுப்பு போலக் கூராகிவிட்டன. பெல் நீலம் பாய்ந்திருந்தது, அவ்வளவு சூடு பட்டிருக்கிறது. பெல்லை விரலால் சுண்டாமல், இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. உள்ளே இரண்டு பேரிங், 5×10×4 அளவு. வெளிப்பக்கப் பேரிங்கில் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடே இல்லை. பழுப்பு நிறத் தூள்தான் கொட்டியது. உள்பக்கப் பேரிங் கிரீஸ் வற்றிக் கரகரத்தது.

நவம்பரிலேயே இந்தப் பேரிங் தளர்ந்துதான் இருந்திருக்க வேண்டும். தளர்ந்த பேரிங் சுண்டினால் இன்னும் லேசாகவே சுழலும். அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். வண்டி நிற்கும்போது பெல் நேராக நிற்கிறது. சுமை விழும்போது ஸ்பர் கியர் அதை வெளியே தள்ளுகிறது, பெல் சாய்கிறது, பல் ஓரத்தால் மட்டும் தொடுகிறது. வெளி விளிம்பில் கண்ட சரிவான தேய்மானம் இதனால் வந்தது. நான் எவ்வளவு கவனமாக இடைவெளி வைத்திருந்தாலும் ஓடும்போது அது நான் வைத்த இடைவெளியாக இருந்திருக்காது.

பேரிங் ஏன் வெந்தது? பற்களை எண்ணினோம். கிளட்ச் பெல்லில் 16 பல். இந்த வண்டிக்குத் தயாரிப்பாளர் கொடுப்பது 14. வேகத்துக்காகப் பழைய சொந்தக்காரர் மாற்றியிருக்கிறார். அவர் தார்ச்சாலையில் ஓட்டியிருக்கலாம். இங்கே உயரப் புல்லும் சேறும். 46-ஐ 16-ஆல் வகுத்து, டிஃபரென்ஷியலின் பல் விகிதமான 4.3-ஆல் பெருக்கினால் 12.4 வருகிறது. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 12.4 சுற்று சுற்றும். 14 பல் பெல் என்றால் 14.1. இழுவையில் ஏழில் ஒரு பங்கு வித்தியாசம். 16-இல் இன்ஜினுக்கு வண்டியை இழுக்கக் கஷ்டம். கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் நெடுநேரம் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த உராய்வுச் சூடெல்லாம் பெல்லுக்கும், பெல்லுக்குள் இருக்கும் பேரிங்குக்கும்தான் போகும். கிளட்ச் கட்டைகள் கண்ணாடி மாதிரி மினுங்கின.

அடுத்தது சேஸி. இன்ஜினை முன்னும் பின்னும் நகர்த்துவதற்காக ஸ்க்ரூத் துளைகள் நீளமாக இருக்கும். அந்த நீளத் துளையின் ஓரத்தில் ஸ்க்ரூத் தலைகள் அழுந்தி அழுந்திப் பள்ளம் போட்டிருந்தன. விரல் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டும். நான் காகிதம் வைத்துச் சரியாக நிறுத்திய இன்ஜின், காகிதத்தை உருவியபின் கடைசி முடுக்கில் அந்தப் பழைய பள்ளத்துக்கே சறுக்கியிருக்கிறது. பள்ளம் இருந்த இடம் பல் தள்ளி நிற்கும் இடம். ஸ்க்ரூவில் லாக்டைட் உலராமல் ஈரமாகவே இருந்தது. எண்ணெய் படிந்த மரையில் போட்டேன், அது எப்படிப் பிடிக்கும்? லாக்டைட் போட்டாயிற்று என்ற நம்பிக்கைதான் மிச்சம்.

பெல்லுக்கு முன்னால் இருக்க வேண்டிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) இல்லை. பெல் தண்டின் மேல் முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நழுவியது.

பின் டிஃபரென்ஷியலில் கிரௌன் கியர் என்ற பெரிய பல்சக்கரத்தின் இரண்டு பல் முறிந்திருந்தன. டக் டக் என்ற சத்தம் அங்கிருந்துதான். பிளாஸ்டிக் ஸ்பர் தாங்கி உடைந்திருக்க வேண்டிய அதிர்ச்சியை இரும்பு ஸ்பர் அப்படியே பின்னால் அனுப்பியிருக்கிறது. அதை மாற்றும் செலவு மூன்று பிளாஸ்டிக் கியரின் விலைக்கு மேல்.

மாமாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். நவம்பரில் நான் பெல்லைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் கூராகிப்போன பெல்லை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். "சரி தம்பி, இப்ப என்னென்ன வாங்கணும், எழுதிக் கொடு," என்றார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

## எடுத்த முடிவுகள்

பெல் 14 பல்லுக்குத் திரும்பியது. பையனுக்கு வேகம் குறையுமே என்று வருத்தம். 13 வைக்கலாமா என்றும் யோசித்தேன். புல்லுக்கு அது இன்னும் நல்லது. ஆனால் செம்மண் பாதையில் இன்ஜின் சீக்கிரமே உச்சச் சுற்றுக்குப் போய் வீணாகக் கத்தும். அவன் இரண்டிலும் ஓட்டுகிறான், எனவே 14.

ஸ்பர் கியர் மீண்டும் பிளாஸ்டிக். இரும்பு ஸ்பரின் பற்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கூராகிப்போன பெல்லோடு ஓடிய கியரைப் புதிய பெல்லோடு சேர்த்தால் புதியதையும் அது அரித்துவிடும். மோட்டாரில் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுவது இதற்காகத்தான்.

வாங்கும்போது மாட்யூலைக் கேட்டு வாங்கச் சொன்னேன். மாட்யூல் 1 பெல்லுக்கு மாட்யூல் 1 ஸ்பர்தான். பிட்ச் என்பது பல் அளவைச் சொல்லும் இன்னொரு முறை. 32 பிட்ச் என்று கடையில் கிடைப்பது கிட்டத்தட்ட மாட்யூல் 0.8. பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் சேராது.

பேரிங் இரண்டும் புதிது. கிளட்ச் கட்டைகளைத் தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்து மினுக்கம் எடுத்தோம். பின் டிஃபில் கிரௌன் கியரையும் அதைச் சுற்றும் சின்னக் கியரான பினியனையும் ஜோடியாக மாற்றி, 0.2 மி.மீ. ஷிம் ஒன்று சேர்த்ததும் கையில் சுற்றும்போது ஒரே சீராக ஓடியது.

## இடைவெளி வைத்த விதம்

பெல்லைத் தண்டில் மாட்டி ஷிம் போட்டோம். முன்னும் பின்னும் நழுவுவது அரை மில்லிமீட்டருக்குள் வந்தது. சுத்தமாக நழுவாமலும் இருக்கக் கூடாது. சூட்டில் விரியும்போது பெல் கட்டையோடு உரசி, வண்டி நிற்க வேண்டிய நேரத்திலும் ஊர்ந்துகொண்டே போகும்.

சேஸியின் பள்ளங்களை நுண்ணிய அரத்தால் சமன் செய்தோம். இது ஏன் இப்போது இன்னும் முக்கியம் என்று பையனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு கியரின் பல்லையும் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் இரு மையங்களுக்கும் நடுவே உள்ள தூரம் வரும். 46-உம் 16-உம் 62, பாதி 31 மி.மீ. 46-உம் 14-உம் 60, பாதி 30 மி.மீ. இன்ஜின் ஒரே ஒரு மில்லிமீட்டர் நெருங்கி வர வேண்டும். ஸ்க்ரூத் தலை அதைவிடப் பல மடங்கு அகலம். பழைய பள்ளம் இருந்தால் அதன் ஓரத்தில் ஏறி நின்று, முடுக்க முடுக்க உள்ளே இழுக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று சொல்லும் பையன் இந்தக் கணக்கை அடுத்த நிமிடமே 13-க்கும் 15-க்கும் தானே போட்டுச் சொன்னான்.

ஸ்க்ரூவையும் மரையையும் ஸ்பிரிட்டால் இரண்டு முறை கழுவிக் காய வைத்தோம். லாக்டைட்டை ஸ்க்ரூ நுனியில் மட்டும், பிளாஸ்டிக் பக்கம் போகாமல் போட்டோம். சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விழ வைக்கும்.

பிறகு ஸ்பர் கியரில் ஐந்து இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தோம். பிளாஸ்டிக் கியர் முழு வட்டமாக இருப்பது அபூர்வம். சுற்றும்போது எங்கேயாவது ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கும். ஸ்பரைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். இன்ஜின் திரும்ப வேண்டியதில்லை, பெல் பேரிங் மேல் தனியாகவே சுழலும். ஒரு புள்ளியருகே மட்டும் இறுக்கம் தெரிந்தது. இடைவெளியை அந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் இறுகும் இடம் வரும்போதெல்லாம் பல் நெரியும், தண்டும் பேரிங்கும் சேர்ந்து அடி வாங்கும்.

பள்ளி நோட்டுத்தாளில் ஒரு விரல் அகலத் துண்டு. அதன் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதை நடுவே ஓட்டி, இன்ஜினைத் தள்ளிப் பிடித்து, நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்கினோம். கடைசி முடுக்கு முடியும்வரை காகிதம் உள்ளேயே இருந்தது. பிறகு ஸ்பரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுத்தோம். கூரான மடிப்பு வரிசையாக விழுந்து, எங்கும் கிழியாமல் வர வேண்டும். முதல் முறை மடிப்பு ஒரு ஓரத்தில் ஆழமாகவும் மறு ஓரத்தில் மங்கலாகவும் வந்தது. இன்ஜின் சற்றுக் கோணலாக உட்கார்ந்திருந்தது. தளர்த்தி மறுபடி வைத்தோம். மூன்றாவது முறைதான் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வந்தது. காகிதம் இடைவெளியை மட்டும் காட்டும் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். கோணலையும் அது காட்டிக் கொடுக்கிறது.

கடைசியாக ஸ்பரைப் பிடித்துக்கொண்டு பெல்லை மட்டும் அசைத்தோம். ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லிய டிக் ஒன்று கேட்டது. சைலன்சரை மாட்டிய பிறகு இன்னொரு முறை பார்த்தோம். குழாயைப் பிடிக்கும் கம்பி இன்ஜினைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவதுண்டு. ஸ்க்ரூத் தலைக்கும் சேஸிக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டோம். ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடையும். ஓரிரவு முழுக்க லாக்டைட் உலர விட்டோம்.

## பிறகு நடந்தது

மறுநாள் மாலை திடலில் முதல் டாங்க். பாதியில் நிறுத்தி, ஆறவிட்டு, கோடுகளைப் பார்த்தோம். அசையவில்லை. இன்ஜின் சூட்டைப் பார்க்கப் பையன் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டு வந்திருந்தான். அது உடம்புச் சூட்டுக்கு மேல் காட்டாது. இன்ஜின் தலை 100 முதல் 125 டிகிரி வரை போகும். பழைய முறைப்படி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம். சில நொடி கொதித்து மறைந்தது, சரி. தொட்டவுடனே பொரிந்து பறந்திருந்தால் கார்புரேட்டரில் நைட்ரோ எண்ணெய் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி வைத்திருப்பேன். அடுத்த வாரம் மாமா ஆலையில் ஒருவரிடம் தொழிற்சாலைக் கருவியை இரவல் வாங்கி வந்தார். 112 டிகிரி காட்டியது.

தைப்பூசத்துக்கு மறுவாரம், பன்னிரண்டாவது டாங்கில், ஸ்பரில் ஒரே இடத்தில் இரண்டு பல் போயின. பையன் போனில் கூப்பிட்டு, "அண்ணே, இது கல்லுதான். மத்த பல்லு எல்லாம் புதுசு மாதிரி இருக்கு," என்றான். வந்து காட்டினான், அவன் சொன்னது சரி. டிஃபரென்ஷியலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலி என்ஜின் ஆயில் டப்பாவை வெட்டி ஸ்பரின் அடிப்பக்கத்துக்கு ஒரு தடுப்பு செய்து மாட்டினான். புதிய ஸ்பரை அவனே மாற்றினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேனே தவிரத் தொடவில்லை. காகிதத்தை இரண்டு முறை மாற்றி வைத்தான். முக்கால் மணி நேரம் ஆனது.

இதை எழுதும்போது அந்த ஸ்பர் முப்பது டாங்க் தாண்டிவிட்டது. பற்களின் முகம் முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி மினுங்குகிறது. பேரிங்கை மட்டும் ஒரு முறை மாற்றினோம், கெட்டுப்போகும் முன்பே.

## இப்போது மாற்றிச் செய்வது

எந்த நைட்ரோ வண்டி வந்தாலும் முதலில் கிளட்ச் பெல்லைச் சுண்டாமல் அசைத்துப் பார்க்கிறேன். ஆடினால் இடைவெளியைப் பற்றிப் பேசுவதே இல்லை, பேரிங்தான் முதலில். அடுத்தது பற்களை எண்ணுவது. பயன்படுத்திய வண்டியென்றால் பழைய சொந்தக்காரர் எங்கே ஓட்டினார், எதை மாற்றினார் என்று கேட்கச் சொல்கிறேன். அவர் சொல்லாவிட்டாலும் பல் எண்ணிக்கை சொல்லிவிடும்.

தேய்ந்த கியரைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவர்களைத் திரும்பப் போய்க் குப்பையில் தேடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் தேடி எடுத்தும் வந்தார்கள். அந்தத் துண்டு இல்லாமல் ஊகிக்கத்தான் முடியும்.

இரும்பு ஸ்பர் கேட்டு வருகிறவர்களை மறுப்பதில்லை. தார்ச்சாலையிலோ தடத்திலோ ஓட்டுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் முன்பு மாட்டிய பிளாஸ்டிக் ஏன் போனது என்று தெரியாதவரை மாட்டித் தருவதில்லை. இதை இப்போது தயங்காமல் சொல்கிறேன்.

பையனின் வண்டியில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மழை நாளில் புல் நனைந்து கனமானதும் கிளட்ச் கொஞ்சம் வழுக்குவதாகச் சொல்கிறான். கிளட்ச் ஸ்பிரிங் இப்போது 1.0 மி.மீ. கம்பி. 1.1 போட்டால் கட்டைகள் இன்னும் கூடின சுற்றில், கூடின விசையில் பிடிக்கும். அல்லது மழை மாதங்களுக்கு மட்டும் 13 பல் பெல் வைத்துக்கொள்ளலாம். மையத் தூரம் 29.5 என்று அவனே நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். முதலில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, நாலு டாங்க் ஓட்டி, பெல்லின் நிறத்தைப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.